மைனஸை வெட்டியவர்

மே 12, திங்கள்

ஸ்டீல் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை நாளும் மேஜை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருந்தேன். இன்று உருவி எடுத்துவிட்டேன். பட்டமுத்து எனக்குச் செய்தது என்னவென்று ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். மேஜை ஆடினால் ஆடட்டும்.

எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு மூன்று தடவை நான்தான் தலைவர். சங்கரன்கோவிலில் குற்றாலிங்கம் பாத்திரக் கடைக்கு யாரும் வழி கேட்டு வருவதில்லை. ஜவுளிக்கடைப் பட்டமுத்துவால் என்னை ஓட்டில் ஜெயிக்க முடியாது. அதனால் போன வருடம் பொதுக்குழுவில் ஒரு விதி கொண்டுவந்தான். தலைவர் பதவிக்கு நிற்பவர் பத்தாம் வகுப்பாவது பாஸ் செய்திருக்க வேண்டுமாம். அவன் பி.ஏ. பேரிலேயே பட்டம் இருக்கிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார்கள். விதிக்குக் கை தூக்கியவர்கள் அத்தனை பேரும் என் கடை டம்ளரில் காபி குடித்துக்கொண்டே தூக்கினார்கள்.

விடுவேனா? ஐம்பத்தாறு வயதில் தனித்தேர்வராக எழுதினேன். தமிழ், இங்கிலீஷ், அறிவியல், சமூக அறிவியல் நாலும் முதல் தடவையிலேயே பாஸ். கணக்கில் மட்டும் பத்தொன்பது. ஜூலையில் மறுபடி பரீட்சை. செப்டம்பரில் சங்கத் தேர்தல். நடுவில் நிற்பது கணக்கு ஒன்றுதான். தினமும் கல்லாவில் கணக்குப் போடுகிறவனைக் கணக்கில் ஃபெயிலாக்குகிறார்கள் என்றால் அந்தக் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லித்தர மருமகள் வள்ளிநாயகி இருக்கிறாள். பி.காம். என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் பாடம்.

எனக்கு ஒரே பிள்ளை, தளவாய். வெளியூர் ஆர்டர்களை அவன் பார்த்துக்கொள்கிறான். பட்டமுத்துவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தில் ஒன்றும் உருப்படி இல்லை.

மே 14, புதன்

பாடம் ஆரம்பம். இருபடிச் சமன்பாடு. இதற்கு வருகிற விடைக்கு மூலம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். "மூலங்களைக் காண்க" என்று புத்தகம் கட்டளை போடுகிறது. எனக்கு நாற்பது வயதில் ஒரு மூலம் வந்தது, டாக்டர் கண்டுவிட்டார் என்று வள்ளியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்ச்சி அவள் குடும்பத்திலேயே கிடையாது.

மே 16, வெள்ளி

காரணிப்படுத்தல். பெருக்கினால் ஒரு எண், கூட்டினால் வேறு எண் வருகிற மாதிரி இரண்டு எண்ணைத் தேட வேண்டும். வேலை இல்லாதவன் செய்கிற வேலை.

மே 19, திங்கள்

இன்று ஒரு கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. செவ்வகத் தோட்டம். நீளம் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம். பரப்பு 60. அகலத்தை x என்று வைத்துக்கொண்டால் x² + 4x − 60 = 0. வள்ளி இரண்டு விடை கொண்டுவந்தாள். 6, −10. இதில் எது என்று கேட்டேன். தோட்டத்துக்கு மைனஸ் அகலம் கிடையாது, அதனால் மைனஸ் பத்தை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் 'ஏற்புடையதல்ல' என்று எழுத வேண்டும் என்றாள்.

புத்தகம் முழுவதிலும் உருப்படியான வரி இது ஒன்றுதான். இரண்டு கிடைக்கும். உதவாததை வெட்டு. மிச்சம் ஒன்று. அவ்வளவுதான் வாழ்க்கை. நான் ஸ்கேல் வைத்தே வெட்டினேன்.

எங்கள் தொழிலில் பேர் வெட்டுவது என்றால் பாத்திரத்தில் பேர் பொறிப்பது. வாங்குகிற பாத்திரத்துக்கு நானே மெஷின் பிடித்து இலவசமாக வெட்டித் தருவேன். ஊரில் ஒருவன் பேரை வெட்டுவது என்றால் அவனை இல்லை என்று ஆக்குவது. நேர்மாறான இரண்டு வேலைக்கு ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனவன் சரியான சோம்பேறி.

மே 23, வெள்ளி

"கோமதியப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு என் மனைவி பிரமு காலையிலேயே கிளம்பிவிட்டாள். மாதம் ஒரு தடவை இப்படி. கோமதி அம்மன் கோயில் எங்கள் தெரு முனையில் இருக்கிறது. செருப்பு போடாமலே போய் வரலாம். எட்டு மணிக்குப் போனவள் மாலை ஐந்துக்கு வந்தாள். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். எங்கள் அம்மன் கோயிலில் எப்போதிருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. பக்தி முற்றினால் கேள்வி கேட்கக்கூடாது.

மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது.

மே 27, செவ்வாய்

x² − 6x + 9 = 0. விடை 3. இன்னொரு விடை என்ன என்றேன். அதுவும் 3 என்றாள். ஒரே ஆளை எதற்கு இரண்டு தடவை எண்ணுகிறீர்கள் என்றால், 'சமமான இரண்டு மூலங்கள்' என்று எழுதினால்தான் மார்க்காம்.

பிறகு புரிந்தது. பட்டமுத்துவுக்கு ஜவுளிக்கடைக்கு ஒரு ஓட்டு, பக்கத்து ரெடிமேட் கடைக்கு ஒரு ஓட்டு. ஓட்டு இரண்டு, தொந்தி ஒன்று. கணக்குப் புத்தகம் எழுதியவனும் அவனுக்குச் சொந்தமாக இருப்பான்.

ஜூன் 2, திங்கள்

விடை காண்பதற்கு முன்பே எத்தனை விடை என்று எண்ணிச் சொல்லிவிடலாமாம். b² − 4ac. இதற்குப் பேர் தன்மைக்காட்டி. அது பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வேறு வேறு விடை இரண்டு. பூஜ்யம் என்றால் பட்டமுத்து. பூஜ்யத்துக்குக் கீழே போனால் மெய் மூலங்கள் இல்லை.

இல்லையென்றால் எதற்குக் கணக்குப் போட வேண்டும், இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன். வள்ளி சந்தேகமாக விழித்தாள். குடிக்கத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பின்பக்கம் கோடவுனுக்குள் போனாள். திரும்பி வரும்போது தண்ணீர் இல்லை, பதில் இருந்தது.

"இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்ல மாமா. மெய்யா இல்ல, அவ்வளவுதான். மேல படிச்சா அதுக்கும் விடை இருக்குமாம்."

இருக்கும் என்று சொல்லவில்லை. இருக்குமாம் என்றாள். 'ஆம்' போட்டால் யாரோ சொன்னது. கோடவுனில் எவர்சில்வர் அண்டாக்களும் எலியும்தான் இருக்கின்றன.

ஜூன் 3, செவ்வாய்

கடையில் அந்தப் பழைய ஃபேன் கிடந்து கத்துகிறது. மத்தியானத்தில் அணைத்துவிட்டேன். கரண்டு மிச்சம். வேர்க்கிறது என்று வள்ளி சொன்னாள். கோடவுனில் காற்று வரும், அங்கே போய் நின்றுவிட்டு வா என்றேன். போனாள். கோடவுன் கதவு சரியாகச் சாத்தாது. ரிப்பேர் பார்க்க வேண்டும். இப்போது வேண்டாம்.

ஜூன் 7, சனி

வீட்டில் பரண் சுத்தம் செய்தார்கள். பொங்கல் வைக்கிற வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்த வள்ளி, அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கழுத்துக்குக் கீழே 'தளவாய்' என்று வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே கீறல். கீறலின் ஓரத்தில் தேய்த்த தேய்ப்பில் ஓர் எழுத்து தெரிகிறது.

"இது 'கோ' தானே மாமா?"

கோமதி அம்மனுக்குக் காணிக்கை கொடுக்க வைத்திருந்த பானை என்று சொல்லிவிட்டேன். பிரமு அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸியில் ஒன்றும் இல்லை. சும்மா ஓடியது.

இந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். கோவில்பட்டியில் டீச்சர் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த ட்ராயிங் மாஸ்டர் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். என்ன சாதி என்று கேட்டேன். என்ன சாதியாக இருந்தால் என்ன என்றாள். அது பதில் இல்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது. அவள் படி இறங்கிப்போன அன்று மெஷினை எடுத்து, வீட்டுப் பாத்திரங்களில் அந்தப் பேர் இருந்த இடமெல்லாம் குறுக்கே ஓட்டினேன். பித்தளை, எவர்சில்வர், எல்லாவற்றிலும். நல்ல வேலைக்காரன் நான். வெண்கலத்தில் மட்டும் முனை வழுக்கிவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

வள்ளி மாதிரிப் பரீட்சை வைத்தாள். மார்க் குறைத்துவிட்டாள். 'தீர்க்க: x² + 5x − 14 = 0' என்ற கணக்கில் 2, −7 என்று சரியாகவே போட்டிருந்தேன். −7ஐ வெட்டி, 'ஏற்புடையதல்ல' என்று அழகாக எழுதியும் வைத்தேன். அதில்தான் மார்க் போயிற்று. நீ சொல்லித் தந்ததுதானே என்று சத்தம் போட்டேன். கோடவுனுக்குப் போனாள். ஃபேன் ஓடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வள்ளியின் குரல் "சரி, சொல்லுதேன்" என்றது.

வந்து நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். "தோட்டம், வயசு, ஆளு எண்ணிக்கைன்னு வந்தாத்தான் மைனஸ வெட்டணும் மாமா. சும்மா சமன்பாட்டத் தீக்கச் சொன்னா ரெண்டும் விடைதான். இதுல மைனஸ் யாருக்கு என்ன பண்ணுச்சு, அத ஏன் வெட்டுனீகன்னு..."

அங்கே நிறுத்திவிட்டாள். மீதியை நானும் கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் குத்துவிளக்கு வாங்க வந்தார்கள். பேரம் பேசத் தெரியாத ஜென்மங்கள்.

ஜூன் 17, செவ்வாய்

பாடம் மறுபடி. தலைவர் பதவிக்காகத்தான்.

சமன்பாட்டில் ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கமும் ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்டேன். வள்ளி போய் வந்து, "நம்ம கடைத் தராசு மாதிரி மாமா. பித்தளச் செம்ப ஒரு தட்டுல வச்சா மறு தட்டுல கல்லு வைக்கணும்லா" என்றாள். நல்ல விளக்கம். ஆனால் நாங்கள் தட்டுத் தராசைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் வாங்கி ரொம்ப வருடம் ஆகிறது. வள்ளி இந்த வீட்டுக்கு வந்தே மூன்று வருடம்தான். அந்தத் தராசை அவள் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எடைக்கல்லைப் பேப்பர் பறக்காமல் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியது ஒரே ஒரு ஆள்.

அதற்குமேல் நாலு சந்தேகம் கேட்டேன். அதில் இரண்டு எனக்கே தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

ஆறு சந்தேகம். மாமா இன்றைக்கு ரொம்ப ஆர்வமாக இருக்கிறார் என்று வள்ளி பிரமுவிடம் சொல்லியிருக்கிறாள். பி.காம். மூளை அவ்வளவுதான் ஓடும்.

ஜூன் 26, வியாழன்

சாப்பிடும்போது பிரமு ரசத்தைப் பார்த்துப் பேசினாள். தெரிந்தவர்கள் யாரோ கோவில்பட்டியில் வீடு கட்டியிருக்கிறார்களாம். ஆவணியில் பால் காய்ச்சுகிறார்களாம். பால் காய்ச்சப் பானை பிறந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டுமாம். பாத்திரக் கடைக்காரன் பெண்ணுக்கு வேறு கடையில் பானை வாங்கினால் ஊர் சிரிக்குமாம். ரசத்தில் உப்பு கூடுதல் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

பரீட்சை. வாசலில் என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் சல்யூட் அடித்து, "ஆபீஸ் ரூம் இந்தப் பக்கம் சார்" என்றான். பரீட்சை எழுத வந்திருக்கிறேன் என்றதும் கையைக் கீழே போட்டுவிட்டான். ஹாலில் என் முன்னால் ஒரு பயல். தலையில் முடியை வரப்பு கட்டி வெட்டியிருந்தான். மூன்று மணி நேரமும் அந்த வரப்பைப் பார்த்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன்.

இரண்டு மார்க் கேள்வி: தீர்க்க, x² + 2x − 24 = 0. தண்ணீர்பட்ட பாடு. (x + 6)(x − 4). 4, −6. சரியாக எழுதினேன்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதி முடித்ததும் கை தானாக ஸ்கேலை எடுத்து −6ஐ வெட்டிவிட்டது. யாரும் சொல்லவில்லை. தோட்டமும் இல்லை, அகலமும் இல்லை. வெட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

டீ ஆறிவிட்டது. இங்கே டீ போடத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை.

எப்படி எழுதினீர்கள் என்று வள்ளி கேட்டாள். பிரமாதம் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

தளவாய் போனில் ரிசல்ட் பார்த்தான். கணக்கு 34. முப்பத்தைந்து இருந்தால் பாஸ்.

பட்டமுத்து மத்தியானமே கடைக்கு வந்தான். ஒரு டிபன் கேரியர் வாங்குகிற சாக்கில், ஒரு மார்க்தானாமே அண்ணாச்சி, மனசு கேட்கவில்லை என்றான். கேரியருக்குப் பேர் வெட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஓடிவிட்டான். இந்தத் தடவை தலைவராக இருந்துவிட்டுப் போகட்டும். சங்கத்தில் டம்ளர் கழுவக்கூட அவனுக்கு வராது.

அவன் போனபின் வள்ளி கல்லாப் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது. தான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்த இடத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

"அடுத்த பரீட்சைக்கு ஒன் டீச்சர நேர்ல வந்து சொல்லித் தரச் சொல்லு. போன்ல சொன்னா எனக்கு ஏற மாட்டேங்கு" என்றேன்.

"எந்த டீச்சர் மாமா?"

"கோடவுன்ல இருக்கவ."

வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "என்னைக்கு வரச் சொல்ல?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம. கடை லீவு."

அவள் கோடவுனுக்கு ஓடினாள். நான் ஃபேனைப் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்று இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்தாள். கூட அந்த ட்ராயிங் மாஸ்டர். சட்டையில் பூப்போட்டிருந்தான். என்னை சார் என்று கூப்பிடுகிறான். ஆளைப் பார்த்தால் ஒரு நேர்கோடுகூட வரையமாட்டான் போலிருக்கிறது. பிரமு அவனுக்கு நாலு தடவை காபி கொடுத்துவிட்டாள்.

கோமதி இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னிடம் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. கேள்வித்தாள் எங்கே என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்வியாக விரலை வைத்துக்கொண்டே வந்து அந்தக் கேள்வியில் நிறுத்தினாள்.

"இதுக்கு என்ன எழுதுனீக?"

"நாலு, மைனஸ் ஆறு."

"சரிதானேப்பா. முழு மார்க்குல்லா வரணும்?"

"மைனஸ வெட்டிட்டேன்."

அவள் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஏன் வெட்டுனீக?" என்றாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"பழக்கம்" என்றேன்.

ட்ராயிங் மாஸ்டர் காலண்டரில் எதையோ தேடினான். பிறகு கோமதி டீச்சராகிவிட்டாள். "வெட்டுனத யாரும் திருத்த மாட்டாங்கப்பா. வெட்டுனது வெட்டுனதுதான். தப்பா வெட்டிட்டோம்னு தெரிஞ்சா அதுக்குக் கீழ மறுபடி எழுதணும். எழுதுனா மார்க் உண்டு."

சாப்பாடு முடிந்து அவர்கள் கிளம்பும் நேரம். வள்ளி வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இது பிரமுவின் ஏற்பாடு. வள்ளிக்கு இவ்வளவு யோசனை வராது.

"பேரு வெட்டணுமா மாமா?" என்றாள்.

"வெட்டணும்" என்றேன்.

கடையைத் திறந்து மெஷினை எடுத்து வந்தேன். கீறலுக்குக் கீழே ஒரு விரல்கடை இடம் இருந்தது. கோமதி பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலும் இப்படித்தான் பிடிப்பாள், அதிர்கிறது அப்பா என்று சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. வெண்கலத்தில் முனை வழுக்கும் என்பதால் அழுத்தி, மூன்று எழுத்தையும் ஆழமாக வெட்டினேன்.

'ம' கொஞ்சம் கோணலாகிவிட்டது. வேறு யார் பாத்திரமாக இருந்தாலும் மாற்றிக் கொடுத்திருப்பேன். அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அப்படியே வாங்கிக்கொண்டாள்.